இது எதற்கு உதவும் சாமான்? தெரியாத கைக்கருவியின் வேலையைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டுப் பரணை ஒழிக்கும்போதோ பழைய இரும்புக் கடைக் குவியலைக் கிளறும்போதோ இப்படி ஒரு சாமான் கையில் மாட்டும்: இரும்பு, மரப்பிடி, ஒரு பக்கம் வளைவு, நடுவில் எதற்கென்றே தெரியாத ஒரு துளை. வீட்டில் காட்டினால் ஆளுக்கொன்று சொல்வார்கள், அப்புறம் "ஏதோ பாக்குவெட்டி மாதிரி இருக்கு" என்று யாராவது முடித்துவைப்பார்கள், சாமான் திரும்பவும் பரணுக்குப் போய்விடும். இந்த "மாதிரி இருக்கு"தான் முதல் தொல்லை. உருவத்தைப் பார்த்துப் பெயர் தேடினால் பத்துப் பெயர் கிடைக்கும், பத்தும் பொருந்துவதாகவே தோன்றும். அதை விட்டுவிட்டு, இதன் எந்த இடம் எதைத் தொட்டது, பலம் எந்தப் பக்கமிருந்து வந்தது, பிடித்த கை எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் வேலை தெரியவரும். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

இரண்டு தட்டையான மரக்கட்டைகள், ஒரு நுனியில் சேர்த்துக் கட்டியோ கீல் வைத்தோ இருக்கின்றன என்று வையுங்கள். பனையேறிகள் பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தும் கடிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எலுமிச்சை பிழியும் கட்டையும் இப்படித்தான். காளைக்குக் காயடிக்க வைத்திருந்த மர இடுக்கியும் இந்த அமைப்புதான். இதே அமைப்பில் கிட்டி என்று ஒன்று, மனிதர்களின் விரலை நடுவில் வைத்து நெரிப்பதற்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலின்போது நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் கொடுத்த அறிக்கையில் அது பெயரோடு வருகிறது. உருவம் ஒன்று, வேலை நாலு. உள்முகத்தில் குழியும் சாறு வடிய ஓட்டையும் இருந்தால் எலுமிச்சை. உள்முகம் நெடுக ஒரே சீராகத் தேய்ந்து பிசுக்கேறியிருந்தால் பாளைக் கடிப்பு என்று நினைக்க இடமிருக்கிறது. ஆக, பார்க்கவேண்டியது உள்முகத்தை. வெளியிலிருந்து படம் எடுத்து அனுப்பினால் எந்தக் கொம்பனாலும் சொல்லமுடியாது.

முதலில், துடைக்காதீர்கள்

கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்வது உப்புத்தாள் எடுத்துத் தேய்ப்பது. அதைச் செய்தால் பாதித் தடயம் போச்சு. இடுக்கில் ஒட்டியிருக்கும் அரக்குத் துணுக்கு நகை வேலையைச் சொல்லும், சுண்ணாம்புக் கறை கொத்தனாரைச் சொல்லும், இழுத்தால் ரப்பர்போல நீளும் பழுப்புத் துணுக்கு இருந்தால் நேராகக் கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடலாம். மண்ணையும் ஒட்டடையையும் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் இப்போது வேண்டாம்.

துரு பிடித்த விதம்கூட ஒரு தகவல்தான். ஒரு பட்டை அளவு மட்டும் துரு குறைந்திருந்தால் அந்த இடத்தை வேறு ஏதோ ஒன்று மூடியிருந்திருக்கிறது, இப்போது அது காணவில்லை. நாம் பார்த்துக் குழம்பும் பல சாமான்கள் முழுக் கருவியே கிடையாது, ஒரு கருவியின் பாதி. சில சமயம் கைக்கருவியே கிடையாது, ஏதாவது இயந்திரத்திலிருந்து கழன்ற உறுப்பு. கை வைக்க வசதியான இடமே இல்லை, நாலு பக்கமும் திருகாணித் துளை இருக்கிறது என்றால் அந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும்.

இங்கேயே இரண்டு எச்சரிக்கை. குண்டு, தோட்டா, வெடிமருந்துத் திரி மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பொருள் மண்ணைத் தோண்டும்போது கிடைத்திருந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு வயது தாண்டிய தொல்பொருட்களை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை சொல்கிறது. பரண் சாமானுக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அளவு, எடை, படம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்த நீளம், வாயின் (வேலை செய்யும் முனையின்) அகலம், பிடியின் நீளம், எடை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் அளந்து 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக முழு அங்குலமோ அரை, கால் அங்குலமோ வந்தால் அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட பட்டறைப் பொருள். இந்தியாவில் 1956ஆம் ஆண்டு அளவைச் சட்டத்துக்குப் பின்னால்தான் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது என்பதால் இது வயதுக்கும் ஒரு சின்னக் குறிப்பு (சின்னக் குறிப்புதான், தச்சுப் பட்டறையில் இன்னும் அங்குலம்தான் பேசுகிறார்கள்). உள்ளூர்க் கொல்லர் அடித்ததென்றால் எந்த அளவிலும் ஒழுங்காக வராது, அதுவும் தகவலே.

படம் எடுக்கும்போது வெள்ளைத் துணியின் மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேலோடு, நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாய்ப்பகுதியை மட்டும் கிட்டத்தில் ஒன்று. கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள், கருவியின் முக்கியமான இடத்தை உங்கள் விரல் மறைத்துவிடும்.

வேலை செய்யும் முனை

இப்போதுதான் உண்மையான வேலை ஆரம்பம். முனை வெட்டுகிறதா, குத்துகிறதா, நசுக்குகிறதா, சுரண்டுகிறதா, பிடிக்கிறதா, அளக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசி வழி கடந்துவிட்டீர்கள்.

கூர் இருந்தால், ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கிறதா, இரண்டு பக்கமுமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒரு பரப்பை ஒட்டிச் செதுக்கும் வேலை, தச்சரின் உளிபோல. இரண்டு பக்கமும் என்றால் பிளக்கவோ நறுக்கவோ. வாய் பிடியின் திசையிலேயே நின்றால் கோடாலி வகை, பிடிக்குக் குறுக்கே திரும்பியிருந்தால் வாய்ச்சி வகை, மண்வெட்டியும் களைக்கொத்தும் இந்தப் பக்கம்தான் சேரும். அரிவாள் வகையில் பல் இருக்கிறதா என்று விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள்: கருக்கு வைத்திருந்தால் இழுத்து அறுப்பதற்கு, நெல்லோ புல்லோ, வழவழவென்று கனமாக இருந்தால் ஓங்கி வெட்டுவதற்கு. தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி கருக்கில்லாத வளைந்த கத்தி, ஒரே வீச்சில் கிளையைச் சாய்வாக எடுக்கவேண்டும், பிசிறு அடித்தால் செடிக்கு நோய் வரும். நீலகிரியிலோ வால்பாறையிலோ இலங்கை மலையகத்திலோ வேலை பார்த்தவர்கள் இருக்கும் வீடு என்றால் இது கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. ரப்பர் வெட்டும் கத்தியின் நுனி வி வடிவத்தில் மடிந்திருக்கும், மரப்பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க. மடிந்த நுனியைப் பார்த்து "வளைஞ்சுபோச்சு" என்று சுத்தியலால் நிமிர்த்தியவர்களும் உண்டு. நிமிர்த்தாதீர்கள்.

இடுக்கி, குறடு வகை என்றால் முழுவதும் மூடிப்பாருங்கள். மூடிய பிறகும் வாய்க்கு நடுவில் இடைவெளி நிற்கிறதா? அந்த இடைவெளிதான் அது பிடித்த பொருளின் பருமன். வாயில் அரைவட்டப் பள்ளம் இருந்தால் கம்பியோ குழாயோ. கை நீளமாகவும் வாய் சிறிதாகவும் இருந்தால் நெருப்புக்குப் பக்கத்தில் நின்ற கருவி, கொல்லரின் பற்றுக்குறடு அதனால்தான் அவ்வளவு நீளம். இரண்டு கையாலும் அமுக்கவேண்டிய கனமான குறடு, வாய் மட்டும் மழுங்கலாக, அகலமாக, கூரே இல்லாமல் இருந்தால் வீட்டில் மாடு இருந்ததா என்று கேளுங்கள். இத்தாலியரான நப்போலியோனே புர்டிசோ வடிவமைத்த காயடிக்கும் இடுக்கி அது. தோலைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் விரைநாளத்தை மட்டும் நசுக்கவேண்டும் என்பதால் கூர் வைக்கவில்லை. கூர் தேய்ந்துபோன கட்டர் என்று நினைத்துச் சாணை பிடித்தால் கருவி கெட்டது.

பிடி

பிடியின் பின்நுனியைப் பாருங்கள். மரம் நசுங்கித் தட்டையாகியிருந்தால் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) தட்டியிருக்கிறார்கள். இரும்பே காளான் குடைபோல விரிந்து ஓரம் மடிந்திருந்தால் சம்மட்டியோ சுத்தியலோ வாங்கிய கல் உளி. அடி வாங்கிய அடையாளமே இல்லையென்றால் கையால் தள்ளியோ இழுத்தோ செய்த வேலை. மரப்பிடியின் கழுத்தில் பூண் (உலோக வளையம்) போட்டிருந்தால், வேலை செய்யும்போது பிடியைப் பிளக்கும் அளவுக்கு உள்ளே செருகிய வால் அழுத்தியிருக்கிறது என்று பொருள்.

பிடியில் ஒரு துளை இருந்தால் அது ஆணியில் மாட்டவா, கயிறு கட்டவா? ஆணியில் தொங்கியதென்றால் துளையின் மேல்பக்கம் ஒரு புள்ளியில் மட்டும் பள்ளமாகும். கயிறு ஓடியதென்றால் ஓரம் நெடுகப் பளபளப்பு ஏறும். கயிறு என்று முடிவானால் அடுத்த கேள்வி: கை தவறி விழக்கூடாது என்று கட்டினார்களா, மரத்தின் உச்சிக்கோ கிணற்றுக்குள்ளோ எடுத்துப்போனார்களா?

உள்ளங்கைக்கு இடமே இல்லாத சின்னப் பிடி என்றால் இரண்டு விரலால் பிடிக்கும் நுண்வேலை. வளையத்தில் கோத்த மூன்று சின்னக் கம்பிகள் கிடைத்தால், ஒன்று சாமணம்போல, ஒன்று கூராக, ஒன்று நுனியில் குட்டிக் கரண்டியோடு, அறுவை சிகிச்சைக் கருவியோ என்று பயப்பட வேண்டாம். முள்வாங்கிக் கொத்து அது, குட்டிக் கரண்டி காதுக் குறும்பி எடுக்க. அந்தக் காலத்தில் அரைஞாண் கயிற்றிலேயே முடிந்துவைத்திருந்தார்கள்.

தேய்மானத்தைப் படிப்பது

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கு நேரம் கொடுங்கள் என்பேன். சாயங்கால வெயிலிலோ, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோ பார்க்கவேண்டும். மேலிருந்து நேராக வெளிச்சம் அடித்தால் கீறல் ஒன்றும் தெரியாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது இருந்தால் இன்னும் நல்லது.

கீறல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன? வாய்க்குச் செங்குத்தாக இருந்தால் தள்ளியோ இழுத்தோ சீவியிருக்கிறார்கள். வாய்க்கு இணையாக ஓடினால் அறுத்திருக்கிறார்கள். தேய்மானம் வாயின் ஒரு மூலையில் மட்டும் அதிகமா? அப்படியென்றால் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள், அந்தச் சாய்வில் நீங்களும் பிடித்துப்பாருங்கள், பிடியில் இருக்கும் கட்டைவிரல் பள்ளம் உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் சரியான பிடி கிடைத்துவிட்டது. வரவில்லையா, அடுத்த கைக்கு மாற்றுங்கள், வைத்திருந்தவர் இடதுகைக்காரராக இருந்திருக்கலாம். தீட்டித் தீட்டித் தேய்ந்ததையும் வேலையில் தேய்ந்ததையும் பிரிக்கத் தெரியவேண்டும். தீட்டிய கீறல் ஒழுங்காக, ஒரே சாய்வில், நெருக்கமாக இருக்கும். வேலையில் விழுந்த கீறல் தாறுமாறாக ஆழமும் மேலோட்டமுமாகக் கலந்திருக்கும்.

பளபளப்புக்கும் வகை உண்டு. நெல், கோதுமை, புல் இவற்றின் தாளில் சிலிக்கா இருக்கிறது, அறுக்க அறுக்க அது கல்லைக்கூட மெருகேற்றிவிடும். சோவியத் தொல்லியலாளர் செர்கெய் செமியோனோவ், கற்கருவிகளின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்து, கீறலின் திசையையும் மெருகையும் வைத்து அது தோலைச் சுரண்டியதா, மரத்தைச் செதுக்கியதா, கதிர் அறுத்ததா என்று சொல்லும் முறையை வளர்த்து 1957இல் விரிவாக எழுதினார். ஆயிரக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கல்லே இவ்வளவு பேசுகிறதென்றால் உங்கள் தாத்தா காலத்து இரும்பு பேசாதா என்ன.

மரக் கருவிகளில் கயிறும் நூலும் விட்டுப்போன வரிப்பள்ளங்களைத் தேடுங்கள். படகு மாதிரி ஒரு மரத்துண்டு, இரண்டு நுனியும் கூராக, நடுவில் குடைந்து, பக்கத்தில் சின்னக் கண் ஒன்று இருந்தால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். தறியில் ஓடும் நாடா அது. அந்தக் கண்ணின் ஓரத்தில் நூல் அறுத்த மெல்லிய கோடுகள் இருக்கும். நுனிகளில் உலோகக் குப்பி மாட்டியிருந்தால் இழுத்து அடிக்கும் விசைநாடா. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டிலிருந்து வந்த வகை. குப்பி இல்லாமல் லேசாக இருந்தால் கையால் எறிந்து பிடிக்கும் நாடா.

ஒரு சின்னச் சக்கரத்தை வைத்துப் பார்ப்போம்

ஒரு சாண் பிடி, நுனியில் சுழலும் சின்னச் சக்கரம். இந்த உருவத்தில் கிடைக்கும் சாமான்களுக்குக் கணக்கில்லை, ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிக் குழப்புவதும் இதில்தான் அதிகம்.

சக்கரம் பித்தளை, விளிம்பு அலையலையாக, பற்கள் கையைக் குத்தவில்லை: சோமாசு ஓரம் வெட்டும் கரண்டி. அச்சாணிப் பக்கத்து இடுக்கில் காய்ந்த மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கேள்வியே இல்லை. பற்கள் ஊசிபோலக் கூராக, எஃகில் இருந்தால் தையற்காரர் அளவுக் கோட்டைத் துணிக்கு மாற்றும் சக்கரம், கார்பன் தாளின் நீலம் பல் இடுக்கில் தங்கியிருக்கலாம். பற்கள் மழுங்கலாக, எண்ணிவைத்ததுபோல் சம இடைவெளியில் இருந்தால் தோலில் தையல் எங்கெங்கே விழவேண்டும் என்று குறிப்பது. இந்த வகையில் சிலவற்றில் வேறு வேறு பல் எண்ணிக்கையுள்ள சக்கரங்களை மாற்றிப்போடலாம்.

சக்கரம் மிளகளவுதான், ரொம்பக் கடினமான எஃகு, பக்கத்தில் மூன்று வெட்டுப் பள்ளங்கள் வேறு வேறு அகலத்தில் இருந்தால் அது கண்ணாடி அறுக்கும் கருவி. பள்ளங்கள் எதற்கு என்று பலருக்குத் தெரியாது: சக்கரத்தால் கோடு போட்டபின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கண்ணாடிப் பட்டையை அந்தப் பள்ளத்தில் கவ்வி முறிக்க. கண்ணாடியின் பருமனுக்குத் தகுந்த பள்ளம். பிடியின் மறுநுனியில் குமிழ் இருந்தால் அது கோட்டின் அடியில் தட்டிப் பிளவை ஓடவிட.

முழுவதும் மெருகிட்ட எஃகு, நீளமான ஊசிகள் நட்சத்திரம்போல நிற்கின்றன, மாவுமில்லை சாயமுமில்லை என்றால் நரம்பு மருத்துவர் தோலின் உணர்ச்சியைச் சோதிக்க உருட்டிப்பார்க்கும் வார்டன்பெர்க் சக்கரமாக இருக்கலாம், குடும்பத்தில் டாக்டர் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள். சக்கரம் கையகலம், பல்லே இல்லை, விளிம்பில் ஒரு தொடக்கக் குறி மட்டும் வெட்டியிருக்கிறது என்றால் அது எதையும் வெட்டுவதில்லை, நீளம் அளப்பது. வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை உருட்டி அளந்து, அதற்குத் தகுந்த இரும்புப் பட்டையை வெட்டுவதற்கு ஐரோப்பியப் பட்டறைகளில் வைத்திருந்த வகை.

இதில் சந்தேகம் தீர எளிய வழி, ஈரக் களிமண்ணையோ பிசைந்த மைதாவையோ தட்டையாக்கி அதன்மேல் உருட்டுவது. குத்துப்புள்ளி விழுகிறதா, அலைக்கோடாக வெட்டுகிறதா, வெறும் தடம்தானா? சக்கரம் என்றில்லை, எந்த முனையையும் இப்படி அழுத்திப் பார்க்கலாம். இரும்பில் கண்ணுக்குத் தெரியாதது மாவில் தெரிந்துவிடும். ஆனால் உண்மையான பொருளின்மேல், மரத்திலோ கண்ணாடியிலோ பலம் கொடுத்து முயற்சி செய்யவேண்டாம், பழைய இரும்பு எங்கே விரிசல் விட்டிருக்கும் என்று சொல்லமுடியாது. சோதனை முடிந்ததும் ஒட்டிய மாவைக் காயவிடாமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து பார்க்கிறவர் அதையே தடயம் என்று எடுத்துக்கொள்வார்.

முத்திரை, திருகாணி, ஊர்

எழுத்து ஏதாவது பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். தேய்ந்த எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் படிக்கமுடியும். பிரிட்டனில் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும் அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் வந்தபின் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவியது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில். வைர வடிவக் கட்டத்துக்குள் சின்ன எழுத்துகள் இருந்தால் 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவமைப்பு, 1884இலிருந்து அதுவே வெறும் பதிவு எண்ணாகிவிட்டது. மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு, ராணுவச் சாமான். அதோடு ஆங்கில ஐ எழுத்தும் இருந்தால் இந்திய ராணுவக் கிடங்கு. அமெரிக்கக் காப்புரிமை எண் இருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டு வரைபடத்தோடு பார்த்துவிடலாம், வேலை என்ன என்று கண்டுபிடித்தவரே எழுதிவைத்திருப்பார். அந்த எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911இல், இருபது லட்சம் 1935இல், ஆகவே எண்ணைப் பார்த்ததுமே ஏறக்குறைய வயது தெரியும்.

எழுத்தே இல்லையென்றாலும் திருகாணியைப் பாருங்கள். தலையில் நட்சத்திரப் பள்ளம் இருந்தால் 1930களுக்கு முன் போக வாய்ப்பில்லை, பிலிப்ஸ் திருகாணி வந்ததே அப்போதுதான். கறுப்போ பழுப்போ பிளாஸ்டிக் பிடி பேக்கலைட்டாக இருந்தால் 1907க்குப் பிறகு. ஆனால் பிடி மட்டும் பின்னால் மாற்றியதாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். மின்வெல்டிங் தழும்பும் அப்படித்தான், அது செய்த காலத்தைச் சொல்லாது, பழுதுபார்த்த காலத்தைச் சொல்லக்கூடும்.

கிடைத்த ஊரும் செய்த ஊரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான் நிறையக் கிடக்கும். அந்தக் குடும்பங்கள் பர்மா, மலாயா, சிலோன் என்று தொழில் செய்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தவர்கள். அங்கே எடுத்த ஒரு கத்தி பர்மியக் கத்தியாக இருந்தால் ஆச்சரியமே கிடையாது.

ஆளைக் கேட்பது

இவ்வளவும் பார்த்துவிட்டு ஆளிடம் போங்கள், முன்னாலேயே போகாதீர்கள். யாரிடம் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்: மர வேலை என்றால் ஆசாரி, நெருப்பும் இரும்பும் என்றால் கொல்லர், தோல் என்றால் செருப்புத் தைப்பவர், மூட்டைக்குள் குத்தி எடுக்கும் குழல் முனை என்றால் அரிசி மண்டி. மண்டியில் காட்டினால் அடுத்த நொடியே "குத்தூசி" என்பார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். "ஐயா, இது இழைப்புளியா?" என்று கேட்டால் பெரியவர் மரியாதைக்காக "ஆமா, அந்த மாதிரிதான்" என்பார், உங்கள் ஊகம் அவர் வாயால் திரும்பி வரும், அவ்வளவுதான். பெயரைச் சொல்லாமல் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, இதை எப்படிப் பிடிப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவேண்டாம், கையைப் பாருங்கள். தொழில் செய்த கை, சொல் வருவதற்கு முன்னாலேயே கருவியைத் திருப்பிச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். "இது இப்படி இல்ல தம்பி, முழங்காலுக்குக் கீழ இதை வெச்சு மிதிச்சுக்கணும்" என்று தரையில் உட்கார்ந்தே காட்டுவார்கள். அனுமதி கேட்டு அதை வீடியோ எடுங்கள். அவர் தெரியாது என்றால் அதுவும் பதில்தான், அந்தத் தொழிலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஒரே ஆள் சொன்னதோடு நிற்காதீர்கள், அதே தொழிலில் வேறு ஊர்க்காரர் ஒருவரிடமும் காட்டுங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், வேலை மாறாது. இருவரும் ஒரே மாதிரி பிடித்தால் பெயர் வேறாக இருப்பதைப் பற்றிக் கவலையில்லை.

போனில் படத்தை வைத்துத் தேடுவதையும் செய்யலாம், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. முழுப் படத்தோடு ஒருமுறை, வாய்ப்பகுதியை மட்டும் வெட்டி ஒருமுறை தேடுங்கள், முடிவுகள் வேறாக வரும். ஆனால் விற்பனைப் பக்கங்களில் போட்டிருக்கும் பெயரை நம்பவேண்டாம். விற்பவருக்கு அது என்ன என்று தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை, விலைபோகும் பெயராக ஒன்றைப் போட்டிருப்பார், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அதே பெயரைப் போட்டிருப்பார்கள்.

அதைவிட, நிறையக் கருவிகளைக் கண்ணால் பார்த்துவையுங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்து, இது மனிதர் செய்த கைக்கோடாலி என்று கண்டுகொண்டார். அதற்கு நாலைந்து ஆண்டு முன்புதான் பிரான்ஸில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த இதே வகைக் கற்களைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரிய பேச்சு நடந்திருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டிராத எத்தனையோ பேர் அதே சரளைமேல் நடந்து போயிருப்பார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், முட்டுக்காடு தட்சிணசித்ரா என்று போகும்போது சிலைகளையும் வீடுகளையும் மட்டும் பார்த்துவிட்டு வராமல் தொழிற்கருவிகள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் பொருட்களை நாடு வாரியாக அடுக்காமல் வகை வாரியாக அடுக்கியிருக்கிறது, அதன் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே வேலைக்கு என்னென்ன உருவம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் கிடைக்கும்.

முடிவானபின்

ஒரு தடித்த அட்டைச் சீட்டில் எழுதிக் கருவியிலேயே நூலால் கட்டுங்கள்: எங்கே கிடைத்தது, யார் வீட்டுப் பொருள், அளவு, என்ன வேலை என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள், எந்த ஊர்க்காரர் என்ன பெயர் சொன்னார். உறுதியானதைப் பேனாவிலும் ஊகத்தைப் பென்சிலிலும் எழுதினால் பின்னால் திருத்த வசதி.

இதற்குப் பிறகு சுத்தம் செய்யலாம். இரும்புக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணி, ஊறவைத்துத் துடைத்தபின் மெஷின் ஆயில் ஒரு பூச்சு. பித்தளைக்குப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், முத்திரை இருந்தால் தேய்ந்துபோகும். மரத்துக்கு ஈரத்துணி ஒருமுறை, நிழலில் உலர்த்தல், பூச்சி ஓட்டை இருந்தால் மற்ற மரச் சாமான்களோடு சேர்க்காமல் தனியாக வைத்து ஒரு மழைக்காலம் போகட்டும், புதுத் தூள் கொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே எடுத்துவையுங்கள்.